ஒரே அணை, ஒரே வீடு, இரண்டு செல்போன்

முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் 136 அடியை நெருங்கும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இடுக்கி மாவட்டத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு விசித்திரத்தைக் காணலாம். வண்டிப்பெரியாற்றிலோ குமுளியிலோ உள்ள ஒரு வீட்டில் தகப்பனார் ஒரு மூலையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகள் இன்னொரு மூலையில். அணை கல்லுப்போல் உறுதியாக இருக்கிறது, தண்ணீர் தர மனமில்லாதவர்கள் கிளப்பும் புரளிதான் இது என்று தகப்பனாரின் செல்போன் தமிழில் முழங்கும். மலையாளப் பள்ளியில் படிக்கும் மகளின் செல்போனோ, அணை உடைந்தால் எத்தனை நிமிடத்தில் வெள்ளம் வாசலுக்கு வரும் என்பதை மலையாளத்தில், நெஞ்சைப் பதறவைக்கும் இசையோடு படம் பிடித்துக் காட்டும். இருவரும் இருப்பது ஒரே கூரையின் கீழ். பார்ப்பது ஒரே அணையைப் பற்றி. ஆனால் அவர்கள் பேசத் தொடங்கினால் இரண்டு நாட்டுத் தூதர்கள் வாதாடுவதுபோல் இருக்கிறது.

தகப்பனுக்கும் பிள்ளைக்கும் கருத்து வேற்றுமை ஏற்படுவது உலகத்தில் புதிதல்ல. டீக்கடைப் பலகையில் கிடந்த ஒரே நாளேட்டைப் படித்துவிட்டு இருவர் எதிரெதிர் கட்சி பேசிய காலம் உண்டு. அப்போது செய்தி ஒன்றாக இருந்தது, முடிவுதான் வேறுபட்டது. இப்போது செய்தியே வேறுபடுகிறது. எதிரே இருப்பவர் வேறொன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்பதே இவருக்குத் தெரிவதில்லை. ஆகவே, அப்பாவுக்கு உலகம் தெரியவில்லை என்று மகள் நினைக்கிறாள். மலையாளப் பள்ளிக்கூடம் பெண்ணை மாற்றிவிட்டது என்று தகப்பனார் வருந்துகிறார். பள்ளிக்கூடத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை.

இந்தப் பிரிவினையைச் செய்வது எது என்று எல்லைப்புறத் தமிழர்கள் விளங்கிக்கொள்வது அவசியம். ஏனென்றால், மற்ற ஊர்களில் இது வெறும் வீட்டுச் சண்டையாக முடிந்துவிடும். குமுளியிலும் போடிமெட்டிலும் வாளையாற்றிலும் அப்படி முடிவதில்லை. அங்கே சாலை மறிக்கப்படும், ஜீப் நிற்கும், கூலி போகும்.

கண் நிற்கும் நேரமே கணக்கு

யூடியூப், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றில் அடுத்து எந்தப் படம் வரவேண்டும் என்பதை எந்த ஆசிரியரும் உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை. கணிப்பொறிக்கு எழுதிக்கொடுக்கப்பட்ட ஒரு கணக்கு முறை தீர்மானிக்கிறது. அதைத்தான் 'அல்காரிதம்' என்கிறார்கள். அந்தக் கணக்கு உண்மையைப் பார்ப்பதில்லை, பொய்யையும் பார்ப்பதில்லை. பார்ப்பவரின் கண் எதில் எவ்வளவு நேரம் நின்றது, விரல் எதைத் தொட்டது, எதை அடுத்தவருக்கு அனுப்பினார் என்பதை மட்டும் பார்க்கிறது. எதில் நின்றாரோ அதைப்போல் பத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறது.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். மாலையில் கொழுந்து நிறுக்கும்போது கிலோ எத்தனை என்பதுதான் பேரேட்டில் ஏறுகிறது. ஆனால் முற்றிய இலையைக் கலந்தால் தொழிற்சாலை கழித்துவிடும். செல்போனுக்குள் இருக்கும் தராசில் கழிவு என்ற பேச்சே கிடையாது. முள்ளும் இலையும் எல்லாம் ஒரே எடை. முள்ளுக்குச் சில சமயம் எடை அதிகம் என்றும் தெரியவந்தது.

பேஸ்புக்கில் முன்பு வேலை பார்த்த பிரான்சிஸ் ஹாகன் என்ற அமெரிக்கப் பெண்மணி 2021-ஆம் ஆண்டு அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளியிட்டார். அவற்றின்படி, 2017 முதல் ஒரு பதிவுக்குச் சாதாரண 'லைக்' வந்தால் ஒரு மதிப்பெண் என்றும், கோபமுகம் உள்ளிட்ட முகக்குறிகள் வந்தால் ஐந்து மதிப்பெண் என்றும் கணக்கு வைக்கப்பட்டிருந்தது. கோபத்தைக் கிளப்பும் பதிவு எளிதாக மேலே ஏறியது. அத்தகைய பதிவுகளில் பொய்யும் நஞ்சும் அதிகம் என்று நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களே எழுதிய பிறகு, கோபமுகத்தின் மதிப்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2020-இல் பூஜ்யமாக்கப்பட்டது. அதற்குள் மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

அதே ஆவணங்களில் இந்தியாவைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 2019 பிப்ரவரியில் பேஸ்புக் ஊழியர் ஒருவர் இந்தியாவில் புதிதாகச் சேரும் ஒருவருக்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்பதற்காக ஒரு சோதனைக் கணக்கைத் தொடங்கினார். நண்பர்கள் யாரையும் சேர்க்கவில்லை. கணக்கு முறை எதைப் பரிந்துரைத்ததோ அதை மட்டும் பின்பற்றினார். மூன்று வாரத்தில் அந்தப் பக்கம் வெறுப்பும் பொய்யும் பிணங்களின் படங்களுமாக நிரம்பிவிட்டது. புல்வாமா தாக்குதல் நடந்த நாட்கள் அவை. இந்தச் சோதனையில் யாரும் தப்பான ஒன்றைத் தேடிப் போகவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. சும்மா இருந்தவரிடம் அது தானே வந்து சேர்ந்தது.

யூடியூப்பில் மக்கள் பார்க்கும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அதன் பரிந்துரைகளின் வழியாக வருவது என்று 2018-இல் அதன் நிர்வாகி ஒருவரே பெருமையாகச் சொன்னார். அதாவது ஒரு மணி நேரம் யூடியூப் பார்ப்பவர் தாமாகத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பது இருபது நிமிடம்கூட இல்லை.

கணக்குக்குத் தெரிந்த ஒரே எல்லை

இந்தக் கணக்கு முறைக்கு ஆளைப் பிரிக்கக் கிடைக்கும் முதல் அடையாளம் மொழி. தமிழ் பார்ப்பவருக்குத் தமிழ், மலையாளம் பார்ப்பவருக்கு மலையாளம். கோழிக்கோட்டில் இருக்கும் ஒரு மலையாளிக்கோ தஞ்சாவூரில் இருக்கும் ஒரு தமிழருக்கோ இதனால் பெரிய கேடில்லை. அவரைச் சுற்றி இருப்பவர்களும் அதே மொழிக்காரர்கள். வண்டிப்பெரியாறு, பீருமேடு, மூணாறு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் ஆகிய ஊர்களில் ஒரே வீட்டுக்குள் இந்தக் கோடு விழுகிறது. 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது மலைமேல் போட்ட எல்லைக்கோடு, இப்போது வீட்டு வராந்தாவில் போடப்படுகிறது.

அணையின் கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 1886-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. பென்னிகுக்கின் மேற்பார்வையில் 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் முடிந்தது. 1979-இல் குஜராத்தில் மோர்வி அணை உடைந்த பிறகு கேரளத்தில் அச்சம் எழுந்தது. 152 அடி வரை தேக்கப்பட்ட தண்ணீர் பலப்படுத்தும் வேலைகளுக்காக 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. 2006-இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி தந்தது. கேரளம் அதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. 2014 மே 7-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தச் சட்டத்தைச் செல்லாதென்று கூறி, 142 அடியை உறுதி செய்தது.

இந்த வழக்கில் யார் கட்சி நியாயம் என்று தீர்ப்பதற்கு இக்கட்டுரை முன்வரவில்லை. அணைக்குக் கீழே முதலில் வரும் ஊர்கள் வள்ளக்கடவும் வண்டிப்பெரியாறும். அங்கே தேயிலைத் தோட்ட லயங்களில் வாழ்பவர்களில் பெரும் பங்கினர் தமிழர்கள். சுரங்க வழியாக மலையைக் கடந்து இறங்கும் தண்ணீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை அந்தத் தண்ணீரை நம்பி ஊர்கள் இருக்கின்றன. அண்ணன் கம்பத்தில் நடவு நடுகிறார். தங்கை வண்டிப்பெரியாற்றில் கொழுந்து கிள்ளுகிறார். தண்ணீர் வராவிட்டால் அண்ணன் வீட்டு அடுப்பு எரியாது. தண்ணீர் தப்பி வந்தால் தங்கை வீட்டில் புகும். உரிமை, அச்சம் என்ற இரண்டும் ஒரே குடும்பத்தின் சொத்து. செல்போன் அந்தச் சொத்தை இரண்டாக்கி, ஆளுக்குப் பாதி கொடுத்து, மற்றப் பாதியைப் பகையாகக் காட்டுகிறது.

புரளி என்ன செய்யும் என்பது 2011 டிசம்பரில் எல்லைப்புறத்தார் கண்ணால் கண்டது. இடுக்கியில் சிறு நில அதிர்வுகள், 'டேம் 999' என்ற படம், இரவு பகலாகத் தொலைக்காட்சி வாதங்கள் எல்லாம் சேர்ந்து பற்றிக்கொண்டன. குமுளியில் மோதல் நடந்தது. எல்லை மூடப்பட்டது. உடும்பன்சோலைப் பகுதித் தோட்டங்களிலிருந்து பல நூறு தமிழ்த் தொழிலாளர்கள் மிரட்டலுக்கு அஞ்சி, பெண்டு பிள்ளைகளோடு தேனி மாவட்டத்துக்கு இறங்கினார்கள். தமிழ்நாட்டிலோ மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள்கூட நிம்மதியாகப் போய்வர முடியவில்லை. கம்பத்திலிருந்து தினம் ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டத்துக்குப் போய்வரும் பெண்களுக்கு வாரக்கணக்கில் வேலை இல்லை. அப்போது ஏலக்காய்ப் பறிப்புக் காலம்.

அன்று ஒவ்வொருவர் கையிலும் இன்று இருப்பதுபோன்ற செல்போன் இல்லை. அதனாலேயே ஒரு நன்மை இருந்தது. எல்லோரும் எதைக் கேட்டு அஞ்சுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மறுத்துச் சொல்ல வேண்டிய அதிகாரிக்கும் அது தெரிந்திருந்தது.

2021 அக்டோபரில் மழை வலுத்தபோது அணையை நீக்கவேண்டும் என்ற முழக்கம் மலையாள இணையப் பக்கங்களில் அலையாகக் கிளம்பியது. நடிகர் பிருத்விராஜ் போன்றவர்களும் அதில் சேர்ந்தார்கள். தேனியில் அவருடைய உருவபொம்மை எரிக்கப்பட்டது. அந்தத் தீ தமிழ்ப் பக்கங்களுக்கு நல்ல தீனியாயிற்று. கேரள முதலமைச்சர் பினராயி விஜயனே சட்டமன்றத்தில், வேண்டாத பீதி கிளப்பப்படுகிறது, கிளப்புவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்று கூறவேண்டியிருந்தது. 2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் நிலச்சரிவில் 250-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அடுத்தது முல்லைப் பெரியாறுதான் என்று மறுபடியும் படங்கள் வந்தன. பீதி வேண்டாமென்று நீர்வளத்துறை அமைச்சர் ரோஷி அகஸ்டின் வேண்டிக்கொண்டார். வயநாட்டில் நடந்ததற்கும் அணைக்கும் தொடர்பே கிடையாது. ஆனால் அச்சத்தில் இருப்பவனின் கண் அச்சத்தில்தானே நிற்கும்? தராசுக்கு அது போதும்.

அச்சப்படுபவர்களை இகழ்வதும் சரியல்ல. 130 ஆண்டுகளைக் கடந்த அணைக்குக் கீழே குழந்தையோடு படுத்து உறங்குகிறவர் மழை இரவில் விழித்திருப்பதில் வியப்பென்ன? முதிய அணைகளைப் பற்றி 2021-இல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழக நிறுவனம் ஒன்று வெளியிட்ட அறிக்கையிலும் இந்த அணை குறிப்பிடப்பட்டிருக்கிறது. அதைப்போலவே, அணை பலப்படுத்தப்பட்டதையும், நிபுணர் குழு அறிக்கையின்மேல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் எடுத்துச்சொல்பவர் கல்நெஞ்சர் அல்லர். இரண்டையும் ஒருவர் சேர்த்துக் கேட்டால் ஒரு முடிவுக்கு வரலாம். சேர்த்துக் கேட்பதற்குத்தான் வழியில்லாமல் போயிற்று.

படத்தில் வராத ஆபத்து

இதைவிட வருந்தத்தக்க ஒன்று உண்டு. செல்போன் எதைக் காட்டுகிறது என்பதைப் பார்த்தாயிற்று. எதைக் காட்டுவதில்லை?

2021 டிசம்பர் முதல் வாரத்தில் முல்லைப் பெரியாறு அணையின் மதகுகள் இரவு நேரத்தில் திறக்கப்பட்டு, வள்ளக்கடவு, வண்டிப்பெரியாறு பகுதிகளில் ஆற்றோர வீடுகளில் தண்ணீர் புகுந்தது. போதிய முன்னறிவிப்பு இல்லை என்று கேரள அரசு முறையிட்டது. அணை உடையவில்லை. யாரும் படமெடுத்துப் பாட்டுச் சேர்க்கும்படியான காட்சியும் இல்லை. பாயும் அரிசியும் பள்ளிப் புத்தகமும் நனைந்தன. அந்த மக்களுக்கு வேண்டியிருந்தது, இன்ன மணிக்கு இத்தனை மதகு திறக்கப்படும் என்ற ஒரு வரி. அதுவும் தமிழிலும் மலையாளத்திலும், இருட்டுவதற்கு முன். மாதக்கணக்கில் அணையைப் பற்றிய படங்கள் கைக்குக் கை வந்துகொண்டிருந்தன. இந்த ஒரு வரி வரவில்லை.

பெட்டிமுடியின் கதை இன்னும் கொடியது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறுக்கு அருகில் மலை சரிந்து நான்கு லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள். அனைவரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரம் செயல்படவில்லை. வெளியுலகத்துக்குத் தகவல் எட்டியது மறுநாள் காலையில். அன்றிரவே கரிப்பூரில் விமான விபத்து நடந்தது. எல்லாக் கண்களும் அங்கே திரும்பின. முதலில் அறிவிக்கப்பட்ட உதவித்தொகை விமான விபத்தில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், பெட்டிமுடியில் இறந்தோர் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய். அந்த வேறுபாடு அப்போதே கேள்விக்குள்ளாயிற்று. இடுக்கித் தமிழர்களை இந்தத் தலைமுறையில் கூட்டமாகக் கொன்றது அணையல்ல, லயத்துக்குப் பின்னால் இருந்த மலை. அந்த மலையைப் பற்றி எத்தனை ரீல்ஸ் வந்தன?

இளைஞர் மட்டுமா?

பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்ததே தவறு என்று சொல்பவர்கள், அது எப்படி வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். 2020 ஜூனில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது கேரள அரசு விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாகவும் இணைய வழியாகவும் பாடம் நடத்தியது. நாள்கூலியில் மிச்சம் பிடித்து, சிலர் கம்மலை அடகு வைத்து, அந்தக் கருவியை வாங்கினார்கள். ராஜமலையில் சிக்னல் கிடைக்காமல் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் சாலையோரத்துக்கு வந்து குளிரில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில், இணையத் தொடர்பு பெறுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருந்தது. பாடத்துக்காக வந்த கருவி பாடம் முடிந்தபின் வீட்டைவிட்டுப் போகவில்லை. அதே 2020-இல் டிக்டாக் தடை செய்யப்பட்டதும் அந்த இடத்தை ரீல்ஸ் பிடித்துக்கொண்டது. பெட்டி ஒன்றுதான், சரக்கு மாறியது.

இளம் மனத்தில் இது செய்யும் வேலையைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. தம் உடலைப் பற்றிய குறை மனத்தில் இருக்கும் பருவப் பெண்களில் 32 சதவீதத்தினர், இன்ஸ்டாகிராம் அந்தக் குறையை மேலும் வளர்த்தது என்று கூறியதாக மேற்படி நிறுவனத்தின் ஆய்வே சொன்னது. சிற்றூர் தாலுகாவில் காலையில் தமிழ்ப் பாட்டும் மாலையில் மலையாளப் படமுமாக வளரும் பையன்கள், இரண்டு மொழி நடிகர்களின் ரசிகர்கள் பெயரால் இணையத்தில் ஒருவர் தாயை ஒருவர் திட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் ஒரே பஸ்ஸில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கல்லூரிக்குப் போகிறார்கள். பஸ்ஸில் வராத கோபம் போனில் எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பையன்களே யோசித்தால் நல்லது.

ஆனால் பெரியவர்களும் தப்பவில்லை. சொல்லப்போனால் அவர்கள் நிலைதான் மோசம். பதினாறு வயதுப் பெண்ணுக்குப் படம் வெட்டி ஒட்டப்பட்டது என்று பார்த்தவுடன் தெரிகிறது. ஐம்பது வயது குமாஸ்தாவுக்கு அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்று பழகிவிட்டது. திரையில் எழுத்தாக வந்தாலும் நம்பிவிடுகிறார். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் விடியற்காலை வந்து விழும் செய்திகளில் பெரும்பாலானவை தாய்மாமன், சித்தப்பா, பெரியப்பா அனுப்பியவை. வாட்ஸ்ஆப்பில் அனுப்புவது மனிதர்கள்தாம் என்றாலும் சரக்கு விளைந்த வயல் யூடியூப்பும் இன்ஸ்டாகிராமும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகித்து ஊரார் அடித்துக் கொன்றார்கள். வாட்ஸ்ஆப்பில் உலவிய புரளியின் விளைவு அது. அந்த ஆண்டு ஜூலையில்தான் ஒரு செய்தியை ஐந்து பேருக்குமேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது.

வெளியூரில் பிழைப்பவர்கள் நினைவில் வைக்கவேண்டிய இன்னொரு நிகழ்ச்சி 2023 மார்ச்சில் நடந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று இந்தியில் படங்கள் பரவின. வேறு ஊர்களில் வேறு காரணங்களுக்காக நடந்த சம்பவங்களின் படங்கள் அவை. திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்த்தவர்கள் வீட்டிலிருந்து அழுது அழைப்பு வந்தது. பலர் மூட்டையைக் கட்டினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் பார்த்துவிட்டுத் திரும்பியது. அந்தப் படங்களைப் பரப்பியவர்கள்மீது வழக்குகள் வந்தன. பாலக்காட்டிலிருந்து கோவைக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். இந்திக்குப் பதில் தமிழ், பீகாருக்குப் பதில் தேனி என்று மாற்றிவைத்துப் பார்த்தால், அந்தத் தொழிலாளி யார் என்பது கேரளத்தில் வேலை பார்க்கும் எந்தத் தமிழருக்கும் விளங்கும். அன்று திருப்பூரில் மூட்டை கட்டியவருக்கு இந்தி மட்டும் தெரியும். தமிழில் வந்த மறுப்பை அவரால் படிக்க முடியவில்லை.

இங்கேதான் எல்லைத் தமிழருக்கு ஒரு பலம் இருக்கிறது. அவர் கையில் இரண்டு மொழி உண்டு. மூணாறில் கடை வைத்திருப்பவர், கொழிஞ்சாம்பாறையில் சர்வீஸ் பஸ் ஓட்டுபவர், குமுளியில் கணக்கு எழுதுபவர் எல்லோரும் மலையாளம் கேட்டால் புரிந்துகொள்வார்கள். பிள்ளைகள் எழுதவும் செய்வார்கள். சென்னையில் இருப்பவரோ திருவனந்தபுரத்தில் இருப்பவரோ பாதியைத்தான் பார்க்க முடியும். முழுவதையும் பார்க்கக் கூடியவர் இவர் ஒருவர்தான். அப்படிப்பட்டவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது பரிதாபம். மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு அரை மணி, தகப்பனும் பிள்ளையும் போனை மாற்றிக்கொண்டு பார்க்கட்டும். பிள்ளையின் அந்தரங்கத்தைத் துருவுவதற்காக அல்ல. அவளுக்கு என்ன பரிமாறப்படுகிறது என்று தெரிந்துகொள்வதற்காக. தனக்கு என்ன பரிமாறப்படுகிறது என்று அவளும் பார்க்கட்டும். பெரியவருக்குத்தான் வெட்கமாக இருக்கும், பரவாயில்லை.

குடும்பத்தின் தலையில் மட்டும் பாரத்தை ஏற்றிவிட்டு அரசுகள் ஒதுங்கிக்கொள்ளலாகாது. கேரளத்தில் பொய்ச் செய்தியை இனங்காணப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நல்ல வேலை நடந்திருக்கிறது. 2018-இல் கண்ணூர் மாவட்டத்தில் 'சத்யமேவ ஜயதே' என்ற பெயரில் தொடங்கியது, 2022-இல் மாநிலம் முழுவதும் சுமார் 19.7 லட்சம் மாணவர்களுக்குப் பயிற்சியாக நடந்தது. தமிழ்நாடு பின்பற்றத்தக்க காரியம் இது. ஆனால் இடுக்கி, பாலக்காடு தமிழ் வழிப் பள்ளிகளில் அந்தப் பாடம் தமிழ்ப் புரளிகளை எடுத்துவைத்து நடத்தப்படவேண்டும். மலையாள வாட்ஸ்ஆப்பில் வந்த பொய்யைக் காட்டிப் பாடம் நடத்தினால், அது அந்த மொழிக்காரர்களின் வியாதி என்று தமிழ்ப் பையன் நினைத்துக்கொள்வான். செல்போனுக்கு அடிமையான பிள்ளைகளுக்காகக் கேரளப் போலீஸ் 2023-இல் தொடங்கிய ஆலோசனை மையங்கள் ஆறும் பெருநகரங்களில் அமைந்தன. அந்த ஆறில் பாலக்காடும் இல்லை, இடுக்கியும் இல்லை. தேவிகுளத்தில் இருக்கும் தாய் கொச்சிக்குப் போய் மலையாளத்தில் மகனின் கதையைச் சொல்வாள் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமா?

சட்டத்தால் தடுக்கலாம் என்பவர்கள் ஆஸ்திரேலியாவைக் காட்டுகிறார்கள். அங்கே 16 வயதுக்குட்பட்டவர்கள் இத்தளங்களில் கணக்கு வைத்திருக்கக்கூடாது என்ற சட்டம் 2025 டிசம்பர் 10-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. பெற்றோர் ஒப்புதலும் வேண்டும் என்கிறது. எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. லயத்து வீட்டில் போன் ஒன்று. சிம் அப்பா பெயரில். கணக்கும் அப்பா பெயரில். பார்ப்பது பன்னிரண்டு வயதுப் பையன். அவன் நாற்பத்தைந்து வயது ஆண் என்று கணக்கு முறை பதிந்துவைத்திருக்கிறது. சட்டம் எந்த வாசல் வழியாக இந்த வீட்டுக்குள் வரும்? நிறுவனங்களின் கவனமும் இந்தப் பக்கம் குறைவு. பொய்ச் செய்தியைத் தரம் பிரிப்பதற்கான நேரச் செலவில் 87 சதவீதம் அமெரிக்காவுக்கே போயிற்று என்று 2021 ஆவணங்கள் கூறின. அது முழுக் கணக்கல்ல என்று நிறுவனம் மறுத்தது. முழுக் கணக்கை இதுவரை வெளியிட்டிருந்தால் மறுப்புக்கு மதிப்பு இருந்திருக்கும்.

நேருக்கு நேர் பேசி ஒரு கருத்துக்கு வருவது எல்லைத் தமிழருக்குத் தெரியாத வித்தை அல்ல. 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தொழிலாளப் பெண்கள், போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து, தங்கள் சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். 'பெண்கள் ஒற்றுமை' என்று நாடு அறிந்த போராட்டம் அது. அந்த முடிவு எந்தத் திரையிலும் எடுக்கப்பட்டதல்ல. கொழுந்து கிள்ளும் இடத்திலும் தண்ணீர்க் குழாயடியிலும் லயத்து வாசலிலும் பேசிப் பேசி எடுக்கப்பட்டது. 20 சதவீதம் கேட்டார்கள். ஒன்பது நாளில் வாங்கினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் என்ன நினைக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அதற்குப் பெருஞ்செலவும் ஆகாது. தேனி கலெக்டரும் இடுக்கி கலெக்டரும் கலந்துபேசி, அணையின் நீர்மட்டம், மதகு திறக்கும் நேரம், வெளியேறும் தண்ணீரின் அளவு ஆகியவற்றை ஒரே அறிக்கையாக, இரண்டு மொழியிலும், ஒரே நேரத்தில் வெளியிடலாம். குமுளி பஸ் நிலையத்திலும் வண்டிப்பெரியாறு பாலத்தருகிலும் வள்ளக்கடவிலும் ஒரு பலகை வைத்து, காலை மாலை இரு வேளையும் அதை எழுதிப்போடலாம். மின்சாரம் போனாலும், கோபுரம் செயலிழந்தாலும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியது அழியாது. எழுதுவதற்குத் தமிழும் மலையாளமும் தெரிந்த ஒரு பிள்ளை வேண்டும். அந்த ஊர்களில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை.